கைப்பேசியில் கடை விரித்திருக்கும் தாய்மார்களுக்கு

தமிழ்நாட்டின் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களில் அங்கம் வகித்து, அண்மைக் காலத்தில் கைப்பேசியின் வாயிலாகவும் வியாபாரம் செய்யத் தலைப்பட்டிருக்கும் தாய்மார்களே,

உங்களுக்குப் புத்திமதி சொல்லுகிறவர்களுக்கு இந்த நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. வங்கி மேலாளர் சொல்லுகிறார். வட்டார அலுவலகத்திலிருந்து வருகிற பயிற்றுநர் சொல்லுகிறார். போதாக்குறைக்கு, வீட்டிலிருந்தபடியே மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கலாம் என்று, முன்பின் அறியாத யாரோ ஒருவர் கைப்பேசித் திரைக்குள்ளிருந்து நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்ளும் உத்தேசம் எனக்கில்லை. ஆனாலும், முறுக்கும் அதிரசமும் சுட்டு, மசாலைப் பொடி அரைத்து, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து, பாய் முடைந்து, கூடை பின்னி, அவற்றின் படங்களை ஸ்டேட்டஸில் வைத்து விற்கிற உங்களுடைய முயற்சிகளைச் சில காலமாகச் சிரத்தையோடு கவனித்து வருகிற ஒருவன் என்ற முறையில், என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கும் ஓர் அபிப்பிராயத்தை உங்கள் முன் வைப்பது கடமை என்று தோன்றுகிறது. இணையம் உங்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. அதே இணையம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரும்பாடுபட்டுக் கட்டப்பட்ட குழு என்னும் ஸ்தாபனத்திலிருந்து, உங்களுக்கே தெரியாமல், உங்களை ஒவ்வொருவராகப் பிரித்துத் தனியே நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பதுதான் என்னுடைய கவலை.

குழு எவ்வளவு அபூர்வமான சாதனை என்பதை, அது ஏற்பட்ட பிறகு பிறந்த இளைய தாய்மார்கள் அறிந்திருக்க நியாயமில்லை. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தோன்றியது. 1989-இல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைக்குக் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் அமைந்தன. 1992-இல் நபார்டு வங்கி, நாடு முழுவதிலுமாக 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கியது. ஈடு வைக்க நிலமும் இல்லாமல், அடகு வைக்க நகையும் இல்லாமல், கணவனுடைய கையெழுத்தை எதிர்பார்த்தே எந்தக் காரியத்தையும் செய்து பழகிய ஒரு பெண்ணை நம்பி வங்கி பணம் கொடுக்கும் என்று, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைப் பரிகாசம் செய்திருப்பார்கள். அந்த நம்பிக்கையை வங்கிக்கு ஊட்டியது எந்தத் தனிப் பெண்ணின் சாமர்த்தியமும் அன்று. பன்னிரண்டு பேரோ இருபது பேரோ ஒரு திண்ணையில் கூடி, ஆளுக்குக் கொஞ்சமாகச் சேமித்து, அதைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்கி, ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய் விசாரித்து, நடந்ததையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார்களே, அந்த ஒழுங்குதான் அஸ்திவாரம். தம் பெயரை முதன்முதலாக எழுதக் கற்றதே அந்தப் புத்தகத்துக்காகத்தான் என்று சொல்லுகிற பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள்.

இணையம் நம்முடைய கிராமங்களுக்குள் முதலில் நுழைந்தபோதும் பொதுச் சொத்தாகத்தான் நுழைந்தது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை ஏற்படுத்தியது. எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த ஓரிடத்தில் கணிப்பொறி வைக்கப்பட்டது; வீராம்பட்டினத்தில், கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தியை இணையத்திலிருந்து எடுத்து, மீன்பிடிக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மையங்களைப் பார்த்துக்கொண்டவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். 2001-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பத்தைக் கொண்டு மேலூர் வட்டாரத்து ஊர்களில் இணையக் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு வந்தவர்களில் இளைஞரும் மாணவருமே அதிகம், தாய்மார்கள் குறைவு, சில ஆண்டுகளுக்குள் கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டும் போயின. அந்தப் பரிசோதனைகளின் குறைகளை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. எனினும், ஓர் ஊருக்குக் கிடைக்கிற செய்தி ஊர் முழுவதற்கும் உரியது என்ற எண்ணம் அவற்றுக்குள் இருந்தது.

பிறகு வந்த மாறுதல் மிக விரைவானது. 2016-இல் இணையத்தின் விலை சரிந்தது; அதே ஆண்டில் யு.பி.ஐ. பணப் பரிமாற்றமும் வந்தது. 2020-இல் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் கேட்பதற்கென்று, கடன் வாங்கியாவது ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏழைக் குடும்பங்களுக்கும் உண்டாயிற்று. உங்களில் பலருடைய வியாபாரத்தின் ஆரம்பம் அந்தக் கைப்பேசிதான்; அதாவது, உங்களுக்கென்று வாங்கப்படாத கைப்பேசி. பிள்ளை தூங்கிய பிறகு, கணவர் கீழே வைத்த பிறகு, கிடைத்த இடைவெளியில் கற்றுக்கொண்டு நீங்கள் தொழில் செய்தீர்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியிருந்த பெண்கள் நூற்றுக்கு 24.6 பேர், ஆண்களோ 48.7 பேர். தமிழ்நாட்டுப் பெண்களின் நிலைமை அந்தச் சராசரியைவிட மேலானதுதான். ஆனால், ஒரு முறையேனும் பயன்படுத்தியவர் என்ற கணக்கில், சொந்தக் கைப்பேசியில் நாளெல்லாம் வியாபாரம் செய்கிறவளும், மகனிடம் கெஞ்சி வாங்கிப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவளும் ஒருவராகவே எண்ணப்படுகிறார்கள்.

இணையத்தினால் விளைந்த நன்மைகளைக் குறைத்துச் சொல்லுவது நன்றியின்மை ஆகும். அவற்றுள் தலையாயது விற்பனை என்று பலரும் நினைக்கிறார்கள். என்னுடைய எண்ணத்தில் அது கல்விதான். ஆரி வேலை கற்க வேண்டுமானால் முன்பெல்லாம் பக்கத்து நகரத்தில் வகுப்பு நடக்கும் இடத்தைத் தேடி, கட்டணம் கட்டி, பஸ் ஏறிப் போய், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுச் சென்றதற்காக மாலையில் அவர் முகம் சுளிப்பதையும் சகித்துக்கொண்டு கற்க வேண்டியிருந்தது. இன்றைக்கு, தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, தெரியாத இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை ஓடவிட்டு, யாருடைய பரிகாசத்துக்கும் ஆளாகாமல் கற்றுக்கொள்ள முடிகிறது. தவறு செய்கிறவளை உலகம் பார்க்காத இடத்தில் கற்பது பெண்களுக்கு இதுவரை கிடைக்காத ஒரு சௌகரியம்.

இரண்டாவது நன்மை விலை தெரிவது. கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக்குப் பேர்போன பிரதேசம். அங்கே இலையைப் பறித்து நிழலில் உலர்த்திக் கொடுக்கிற பெண்ணுக்கு வியாபாரி என்ன விலை கொடுக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதே இலை பொடியாகிப் புட்டிக்குள் அடைபட்டுப் பட்டணத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பது முன்பு தெரியாது. இப்போது அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண் ஒரு நிமிஷத்தில் அதைக் காட்டிவிடுகிறாள். தெரிந்ததனால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. ஆனால் தெரியாமல் இருந்தபோது இருந்த பணிவு, தெரிந்த பிறகு இருப்பதில்லை. பேரம் என்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்ரஸ் அனுப்புங்கள் என்று ஒரு செய்தி, ஜிபே பண்ணிவிட்டேன் என்று ஒரு பதில், மறுநாள் கூரியர்க்காரரிடம் ஒரு பொட்டலம் என்று, கடைத்தெருவுக்குப் போய் நின்றறியாத ஒரு தாய் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சரக்கு அனுப்புகிற காட்சி இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவரும் குரல் செய்தியிலேயே வியாபாரத்தை முடித்துவிடுகிறார்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு நான் உங்களைக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. வாங்குகிறவர் பணம் அனுப்புகிறாரே, அந்த எண் யாருடையது?

உங்களில் பலருடைய முகம் இந்த இடத்தில் கொஞ்சம் மாறும் என்பதை நான் அறிவேன். யு.பி.ஐ. செயலி, வங்கிக் கணக்கோடு பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணைக் கொண்டுதான் இயங்குகிறது. 2014-இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் உங்களுக்குக் கணக்குத் திறந்தபோது உங்களிடம் கைப்பேசி இல்லை. ஆகவே கணவருடைய எண்ணையோ மகனுடைய எண்ணையோ படிவத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அந்த எண்ணை மாற்றுவதற்கு வங்கிக்கு ஒருமுறை போய் வர வேண்டும், அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை, அவசியமும் தோன்றவில்லை. வியாபாரம் தொடங்கியபோது, கையில் தயாராக இருந்த கணவருடைய செயலியிலேயே பணம் வாங்கிக்கொண்டீர்கள். பணம் எப்படியும் வீட்டுக்குத்தானே வருகிறது, இதில் என்னுடையது அவருடையது என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. குடும்பத்துக்குள்ளே பகையை மூட்டுவது என் நோக்கமன்று. ஆனால், மாவு உங்களுடையது, அடுப்பு உங்களுடையது, விடியற்காலைத் தூக்கம் உங்களுடையது. கணக்கு மாத்திரம் வேறொருவருடையது என்றால், நாளைக்கு ஒரு கிரைண்டர் வாங்கவோ பொட்டலம் ஒட்டும் யந்திரம் வாங்கவோ நீங்கள் வங்கிக்குப் போய்த் தொழில் கடன் கேட்கும்போது, மேலாளர் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் வியாபாரமே நடக்கவில்லையே அம்மா என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக நீங்கள் உழைத்த உழைப்புக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. வியாபாரத்தில் சம்பாதிக்க வேண்டியவை இரண்டு: ஒன்று லாபம், மற்றொன்று நாணயம். லாபம் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை; நாணயமோ, சம்பாதித்தவருக்குச் சேராமல் வேறொருவர் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் குறையைத் தீர்ப்பதற்காக 1989-இல் குழுக்கள் தோன்றினவோ, அதே குறை கைப்பேசியின் வழியாக மீண்டும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது காலம். கிராமத்துப் பெண்களுக்கு இணையம் எவ்வளவு கொடுத்தாலும், ஒரு நாளைக்கு இருபத்தைந்தாவது மணி நேரத்தை அதனால் கொடுக்க முடியாது. 2019-இல் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷங்களை அதிலே செலவிடுகிறாள் என்று கண்டது. அவ்வகை வேலையில் ஈடுபட்ட ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். ஈடுபட்ட அவர்களும் 97 நிமிஷங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது, அது தனி. இந்த நிலைமையில்தான், இரவு பத்து மணிக்கு, ஆன்லைனில்தானே இருக்கிறீர்கள், ஏன் பதில் சொல்லவில்லை என்று ஒரு செய்தி வருகிறது. கடைவீதியில் இருக்கிற செட்டியார் கடைக்குக் கதவு உண்டு; ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டால் வாடிக்கைக்காரர் மறுநாள் வருவார். உங்கள் கடைக்குக் கதவு இல்லை. அது அடுப்படியிலும் திறந்திருக்கிறது, குழந்தைக்குப் பாலூட்டும்போதும் திறந்திருக்கிறது. போதாததற்கு, வியாபாரத்துக்காக வெளியிட்ட எண்ணுக்கு அகாலத்தில் அழைத்து அசங்கியமாகப் பேசுகிற அயோக்கியர்களும் உண்டு. அதைக் கணவரிடம் சொன்னால் வியாபாரம் நின்றுவிடுமே என்று அஞ்சி மனத்துக்குள் வைத்துக்கொள்ளுகிற பெண்களும் உண்டு.

இந்த விஷயத்தில் என் மனத்தில் நெடுநாளாக இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துத் தாய்மார்களின் தொழில் முயற்சியை வளர்க்க வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறவர்கள் கம்பியையும் கோபுரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். 2021-இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் பயணமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டமும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே பிள்ளை சாப்பிடுகிறது என்றால், காலையில் அந்தத் தாய்க்கு ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. கையிலே காசில்லாத நாளிலும் சந்தைக்குப் போய்ப் பருப்பு விலையைத் தானே விசாரித்து வர முடிகிறது என்றால், இடைத்தரகரை நம்பியிருக்கும் அவசியம் குறைகிறது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, அதைப் பார்க்க நேரம் கொடுக்காமல் இருப்பது உதவியாகாது. அங்கன்வாடி மையம் மாலை வரைக்கும் குழந்தைகளை வைத்துக்கொள்ளுமானால், உங்களில் எத்தனை பேருடைய தொழில் இரட்டிப்பாகும் என்பதை அதிகாரிகள் ஒருமுறை உங்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ரீசெல்லிங் என்கிற வியாபாரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சூரத்திலிருந்து வருகிற சேலையின் படத்தை இவரிடமிருந்து வாங்கி, ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ சேர்த்து அவருக்கு அனுப்புவது மூலதனம் இல்லாமல் செய்யக்கூடிய தொழில் என்பது உண்மை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலேயே இருக்க வேண்டிய காலத்தில் கைச்செலவுக்கு அது உதவும் என்பதும் உண்மை. ஆனால் அதே படம் அதே தெருவில் நான்கு பேருடைய ஸ்டேட்டஸில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும். சாயம் போனால் பழி உங்களுக்கு, திருப்பி அனுப்பினால் அலைச்சல் உங்களுக்கு. ஆரி வேலையிலும் இதுவே நடக்கிறது: ஒரே காணொளியைப் பார்த்து ஓர் ஊரில் பத்துப் பேர் கற்றுக்கொண்டால், திருமண மாதங்களில் பத்துப் பேரும் ஒரே வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்; கூலி இறங்குகிறது. எல்லோருக்கும் ஒன்றையே கற்பிக்கிற சாதனம், ஒருவரையொருவர் போட்டியாளராகவும் ஆக்கிவிடுகிறது. நேற்று வரை ஒரே குழுவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், இன்று வாடிக்கைக்காரரின் எண்ணை உங்களிடமிருந்து மறைக்கிறாள். நீங்களும் மறைக்கிறீர்கள்.

இதற்குப் பரிகாரம் கைப்பேசியை மூடி வைப்பதன்று. அதைக் குழுவின் கையில் கொடுப்பதுதான். ஒரு பழைய உதாரணத்தைப் பாருங்கள். 1959 மார்ச் 15-ஆம் தேதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் லிஜ்ஜத் அப்பளம் என்று நாடெங்கும் பிரசித்தி பெற்ற பெண்கள் ஸ்தாபனம். அங்கே ஒவ்வொருத்தியும் தன் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே அப்பளம் இடுகிறாள். ஆனால் மாவு ஒரே இடத்தில் பிசைந்து கொடுக்கப்படுகிறது. இட்ட அப்பளம் ஒரே இடத்தில் பரிசோதிக்கப்படுகிறது. பெயர் ஒன்று, விலை ஒன்று. வேலை வீட்டில், வியாபாரம் பொதுவில் என்ற அந்த ஏற்பாடு, தாய்மார்களுக்கென்றே நினைத்துச் செய்ததுபோல் இருக்கிறது. அவர்களிடம் இணையம் இல்லை. இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் ஏழு ஸ்டேட்டஸ் வைத்து, ஒரு வருஷத்தில் ஓய்ந்து போயிருப்பார்களோ என்னவோ!

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, ஊறவைத்து, நூலைப் போல மெல்லியதாக்கி, பட்டுத்துணியை மடிப்பதுபோல் மடிக்கத்தக்க பாயை முடைகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அதன் அருமை கையால் தொட்டாலொழியத் தெரியாது. படத்தில் பார்த்தால் அதற்கும், கால் பங்கு விலைக்கு யந்திரத்தில் செய்த பாய்க்கும் வித்தியாசம் புலப்படாது. தனியொரு பெண் எவ்வளவுதான் படம் எடுத்துப் போட்டாலும், கண்ணால் காணாதவருக்கு நம்பிக்கையை உண்டாக்கப் பெயர் ஒன்று வேண்டும். அந்தப் பெயருக்குப் பொறுப்பேற்க ஒரு சமுதாயம் வேண்டும். நம்முடைய சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குறியீட்டைத் தனிமனிதர் பதிவு செய்துகொள்ள முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ அமைப்போதான் கேட்டுப் பெற வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் அது கிடைத்தது. பெயர் என்பது பலர் கூடிக் காப்பாற்றுகிற சொத்து என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான அத்தாட்சி வேண்டியதில்லை.

நடைமுறையிலும் குழுவுக்குத் தனியாளைவிட அநுகூலங்கள் அதிகம். அரைக் கிலோ முறுக்கை ஒருத்தி அனுப்பினால், சரக்கின் விலையில் பெரும்பங்கைக் கூரியர்க் கட்டணம் விழுங்கிவிடும். இருபது பேருடைய பொட்டலங்கள் சேர்ந்து போனால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம். உணவுப் பொருளுக்கு வேண்டிய உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கிறது. அந்தப் பதிவின் பதினான்கு இலக்க எண்ணும், செய்த தேதியும், எடையும், உட்பொருள்களும் அச்சிட்ட சீட்டு இல்லாத பொட்டலத்தைப் பட்டணத்துக் கடைக்காரர் கையாலும் தொட மாட்டார். அந்தச் சீட்டைத் தனித்தனியே அச்சிடுகிற செலவு உங்கள் லாபத்தைத் தின்றுவிடும். ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பை எட்டாத சிறு வியாபாரிகள், மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாயின், 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவில்லாமலே இணையச் சந்தைகளில் சரக்கு வைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் அங்கே நிறைவேற்ற வேண்டிய காகித வேலைகளைக் குழுவிலே படித்த ஒருவர் எல்லோருக்குமாகச் செய்வதுதான் முறை. முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் நாலு பேர் பார்க்கத் திட்டி எழுதினால், தனியொருத்திக்கு அது பேரிடி. குழுவுக்கு அது அடுத்த கூட்டத்தில் அட்டைப்பெட்டியை மாற்றுவதற்கான ஒரு தீர்மானம்.

மோசடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை ஒருபோதும் அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்லுகிறவன் திருடன். ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறேன் என்று வருகிற செயலிகளில் பல, உங்கள் கைப்பேசியில் உள்ள உறவினர்களின் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் அவர்களிடமெல்லாம் உங்களை அவமானப்படுத்துகின்றன. குழுவில் கடன் இருக்கும்போது அங்கே போகாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் பணத்தைத் தூரமாக்குகிறது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பையும் தவணையையும் பேசி முடித்தவுடன் எழுந்துவிடாமல், இன்னும் அரை மணி நேரம் உட்காருங்கள். உறுப்பினர்களில் எத்தனை பேருடைய வங்கிக் கணக்கில் தம்முடைய சொந்த எண் இருக்கிறது என்று கேட்டு, இல்லாதவர்களை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய் மாற்றிவிட்டு வாருங்கள். வியாபாரத்துக்கென்று குழுவின் பெயரில் தனியாக ஒரு கைப்பேசியும் ஓர் எண்ணும் வாங்குங்கள். அதற்குக் காலையில் இன்ன மணி, மாலையில் இன்ன மணி என்று நேரம் வகுத்து, மற்ற நேரத்தில் அணைத்து வையுங்கள். வாடிக்கைக்காரர்களின் விலாசங்களைத் திரையை நம்பிவிடாமல் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள். உங்கள் பக்கத்தை எந்தக் கம்பெனி எந்த நாளில் மூடும் என்பது யாருக்கும் தெரியாது. குழுக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கு இப்போது இருக்கிற கையெழுத்து முறை அப்படியே இருக்கட்டும். பணம் உள்ளே வருவதற்கு மட்டும் க்யூஆர் அட்டை தரும்படி வங்கியிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுத்தால், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பெயரில் மறுபடியும் கேளுங்கள். அந்தக் கைப்பேசியை ஊக்குநரோ பிரதிநிதியோ மாத்திரம் வைத்துக்கொள்ளாமல், மாதத்துக்கு ஒருவராக எல்லோரும் முறை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரை அந்த முறையிலிருந்து விட்டுவிடாதீர்கள். குரல் செய்திக்கு எழுத்து வேண்டாம், விலை பேசுவதில் அவர் உங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரராக இருப்பார்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒருவன்